குளியலறை நெருக்கமாகத் தெரிகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

சிங்கப்பூரில் பெரும்பாலான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் குளியலறை மூன்று, நான்கு சதுர மீட்டருக்குள் அடங்கிவிடும். கழிவறை இருக்கை, பேசின், ஷவர் மூன்றும் அதற்குள்தான். ஆனால் ஒரே புளோக்கில், ஒரே அளவில் கட்டிய இரண்டு வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். ஒன்றில் தாராளமாக நின்று குளிக்கலாம்போல இருக்கும். இன்னொன்றில் முழங்கை இடிக்காமல் தலை துவட்ட முடியுமா என்று சந்தேகம் வரும். சுவருக்குச் சுவர் தூரம் இரண்டிலும் ஒன்றுதான். பார்வை எந்த இடத்தில் தடைபடுகிறது என்பதில்தான் வேறுபாடு.

அதனால் புதுச் சாமான் வாங்கும் முன்பு எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துவிடுவது நல்லது. இருட்டான அறையில் பெரிய கண்ணாடியை மாட்டினால் இருட்டுதான் இரண்டு மடங்காகத் தெரியும். சாமான் நெரிசலுக்கு வெள்ளைப் பெயின்ட் மருந்தாகாது.

சோதனை எளிது. கதவை முழுதாகத் திறந்து, விளக்கைப் போட்டு, வாசலில் நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். தினமும் பார்த்துப் பழகிப்போன கண்ணுக்குத் தெரியாததெல்லாம் அதில் தெரியும்: எந்தப் பொருள் உறுத்துகிறது, எந்த மூலை இருண்டு கிடக்கிறது, தரை எவ்வளவு தெரிகிறது. படத்தில் எது முதலில் கண்ணில் படுகிறதோ அந்த அறிகுறியிலிருந்து தொடங்குங்கள். கீழே சொல்லியிருப்பவை அநேகமாக எல்லாமே சுவரை உடைக்காமல் செய்யக்கூடியவை.

அறிகுறி: தரையே கண்ணில் படவில்லை

நம் வீடுகளில் முதல் காரணம் இதுதான். பல வீடுகளில் இது ஒன்றைச் சரிசெய்தாலே போதும்.

ஷவர் இருந்தாலும், வாளியில் தண்ணீர் பிடித்துக் குவளையால் மொண்டு ஊற்றினால்தான் குளித்த திருப்தி வரும் என்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அதனால் பெரிய வாளி, சின்ன வாளி, துணி ஊறவைக்கும் அகலமான பேசின், முக்காலி, தரை தேய்க்கும் பிரஷ், மாப்பு, சலவைத்தூள் பை எல்லாம் சுவரோரமாக வரிசை கட்டி நிற்கின்றன. தரையும் சுவரும் சேரும் கோட்டைக் கண்ணால் தொடர முடிந்தால்தான் அறையின் முழு அளவு நமக்கு உறைக்கும். ஓரமெல்லாம் சாமான் நின்றால், சாமான் தொடங்கும் இடத்தோடு அறை முடிந்துவிட்டதாகத் தோன்றும்.

எல்லாவற்றையும் ஒருநாள் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். குளிக்கும்போது எதைத் தேடுகிறீர்களோ அது மட்டும் திரும்ப உள்ளே வரட்டும். மாப்பும் சலவைச் சாமானும் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சர்வீஸ் யார்டுக்குப் போகலாம். தரை தேய்க்கும் பிரஷ்ஷைக் கழிவறை இருக்கைக்குப் பின்புறச் சுவரில் ஒரு கொக்கி போட்டு மாட்டினால் வாசலிலிருந்து தெரியாது.

வாளியைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன். ஒரே ஒரு வாளி, தரை நிறத்துக்கு நெருக்கமாக, வெளிர் சாம்பலிலோ வெள்ளையிலோ இருந்தால் போதும். தேக்கா பக்கத்துக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் சிவப்பு, நீல வாளிகள் உறுதியானவைதான். ஆனால் சின்ன அறையில் கண் முதலில் அவற்றில்தான் போய் நிற்கும். மடக்கிவைக்கும் சிலிக்கோன் வாளிகளையும் பலர் வாங்குகிறார்கள். தண்ணீர் நிரப்பித் தூக்கினால் நெளிகிறது. துணி நனைக்க மட்டும்தான் அது சரிவரும்.

பேசினுக்குக் கீழே தரைவரை இறங்கும் அலமாரி வைத்திருந்தால் அதுவும் தரையை விழுங்குகிறது. அதையே சுவரில் தொங்கும் வகையாக மாற்றி, அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டால் தரை சுவர்வரை ஓடும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. தரையில் நிற்கும் அலமாரியின் அடிப்பலகை நம் ஊர் ஈரத்தில் ஊதிப்போகும். தொங்குவதற்கு அந்தக் கதி இல்லை.

அறிகுறி: தரை காலிதான், ஆனால் கண்மட்டத்தில் ஒரே கூட்டம்

ஷாம்பு, கண்டிஷனர், ஆளுக்கொரு முகம் கழுவும் திரவம், தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய். ஒவ்வொரு புட்டியிலும் ஒரு நிறம், ஒரு கூச்சலான லேபிள். எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் புட்டிகளில் மாற்றி ஊற்றும் பழக்கம் படங்களில் அழகாக இருக்கிறது. ஆனால் நாலு பேர் அவசரமாகக் குளித்துப் புறப்படும் வீட்டில் எது ஷாம்பு, எது எண்ணெய் என்று யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? புட்டிகள் வைக்கும் தட்டை இடம் மாற்றுவது அதைவிட எளிது. கதவைத் திறந்ததும் எதிரில் தெரியும் சுவரைக் காலியாக விட்டுவிட்டு, வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கச் சுவரில், மார்பு உயரத்துக்குக் கீழே தட்டைப் பொருத்துங்கள். உபரிப் புட்டிகளைக் கதவு நிலைக்கு மேலே, உட்புறமாக ஒரு குறுகிய தட்டில் வைக்கலாம். உள்ளே நுழையும்போது அந்த இடத்தை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

சீயக்காய்ப் பொடி, கடலைமாவு எல்லாம் சமையலறையிலேயே இருக்கட்டும். குளியலறை ஈரத்தில் கட்டிபிடித்துவிடும்.

உறிஞ்சுக் கொக்கிகள் வழவழப்பான டைலில் மட்டும்தான் நிற்கும். சொரசொரப்பான டைலில் நடுராத்திரி தடாலென்று விழும். ஒட்டும் வகையை வாங்கினால் டைலை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஒட்டிய பிறகு ஒருநாள் முழுக்கப் பாரம் ஏற்றாமல் விடுங்கள்.

அறிகுறி: பகலிலும் குகை மாதிரி

இது உண்மையிலேயே வெளிச்சக் கோளாறுதானா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளலாம். விளக்கை எரியவிட்டபடியே, கைப்பேசியின் டார்ச்சை இருண்ட மூலைக்கும் பேசினுக்கு மேலுள்ள சுவருக்கும் மாறி மாறிக் காட்டுங்கள். அந்த இடம் சட்டென்று பின்னால் நகர்ந்ததுபோல் தெரிந்தால் வெளிச்சம்தான் குறை. பெரிய மாற்றம் தெரியாவிட்டால் அடுத்த அறிகுறிக்குப் போய்விடுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் கூரை நடுவே ஒரே ஒரு விளக்கு இருக்கும். பேசினுக்கு முன்னால் நின்றால் விளக்கு முதுகுக்குப் பின்னால் போய்விடும். நம் நிழலே முன்சுவரில் விழும். நடுத்தரை பளிச்சென்று இருக்க, சுவரெல்லாம் மங்கலாக இருக்கும். அறை அகலமாகத் தெரியவேண்டுமானால் சுவரில்தான் வெளிச்சம் விழவேண்டும். கண்ணாடிக்கு மேலே, சுவரை ஒட்டினாற்போல் ஒரு நீளமான எல்இடி குழல் விளக்கு போட்டால் முகத்திலும் வெளிச்சம் விழும், சுவரும் பின்வாங்கும். தண்ணீர் தெறிக்கும் இடம் என்பதால் ஐபி44 அல்லது அதற்கு மேற்பட்ட தரம் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா பாருங்கள். பல்பை நீங்களே மாற்றலாம். புதிதாக மின் இணைப்பு இழுப்பதென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரைத்தான் கூப்பிடவேண்டும்.

அப்புறம் நிறம். பாலஸ்டியர் சாலை விளக்குக் கடைக்குப் போனால், “அண்ணே, டேலைட் போடுங்க, பளிச்சுன்னு இருக்கும்” என்பார்கள். டேலைட் என்பது 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு), லேசான நீலம் ஓடும் வெள்ளை. சுத்த வெள்ளை டைலுக்கு ஒருவேளை சரி. நம்மில் பலர் வீட்டில் இருப்பதோ கிரீம், பழுப்பு டைல்கள். அவை அந்த வெளிச்சத்தில் சாம்பல் பூத்துப்போகும். 3000 கெல்வின் படுக்கையறைக்கு இதமாக இருக்கும், ஆனால் இங்கே வெள்ளை டைலை மஞ்சளடிக்க வைக்கும். நடுவில் இருக்கும் 4000 கெல்வின்தான் என் தேர்வு. ஒரே அறையில் இரண்டு நிறங்களைக் கலக்கவேண்டாம். ஒரு சுவர் மஞ்சளாகவும் ஒரு சுவர் நீலமாகவும் தெரிந்தால் அறை துண்டு துண்டாகப் பிரிந்துவிடும்.

சன்னல் இருந்தால் அதன் விளிம்பில் அடுக்கியிருக்கும் புட்டிகளை எடுத்துவிட்டு, கண்ணாடியை உள்ளும் புறமும் கழுவுங்கள். எதிர் புளோக்கிலிருந்து தெரியும் என்று பூப்போட்ட ஸ்டிக்கரோ துணியோ போட்டிருந்தால், வெறும் பனிமூட்ட ஃபிலிமுக்கு மாறுங்கள். மறைவும் இருக்கும், வெளிச்சமும் வரும். உயரத்தில் இருக்கும் சன்னலின் வெளிப்புறத்தைக் கழுவ உடம்பை வெளியே நீட்டவேண்டாம். நீளக் கைப்பிடித் துடைப்பான் இருக்கிறது.

அறிகுறி: பெரிய கண்ணாடி மாட்டியும் பலனில்லை

கண்ணாடி முன்னால் எவ்வளவு தூரம் இருக்கிறதோ அவ்வளவு தூரத்தைப் பின்னாலும் காட்டும். அந்தத் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. எதிரில் சன்னலோ வெறும் சுவரோ இருந்தால் அறை நீளும். துண்டுகள் தொங்கும் கம்பியும் ஹீட்டரும் இருந்தால் அதே நெரிசல் இன்னொரு தடவை தெரியும்.

துளை போடுமுன் ஒருவரைக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நீங்கள் வாசலில் நின்று பாருங்கள். பேசினுக்கு முன் நின்று பார்ப்பதைவிட வாசலிலிருந்து பார்ப்பதுதான் முக்கியம், அறையைப் பற்றிய முதல் எண்ணம் அங்கிருந்துதான் பிறக்கிறது. கண்ணாடியைச் சற்று மேலே தூக்கியோ பக்கவாட்டில் நகர்த்தியோ சன்னல் வெளிச்சம் அதில் விழும் இடத்தைப் பிடியுங்கள். பேசின் அகலத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடி மாட்டுவதைவிட, அந்தச் சுவரின் ஓரத்திலிருந்து ஓரம்வரை சட்டமில்லாத ஒரே கண்ணாடி நன்றாக வேலை செய்யும். சட்டம் போட்டால் கண்ணுக்கு அது ஒரு படம். சட்டம் இல்லையென்றால் திறப்பு.

கதவில் முகக்கண்ணாடி பதித்த அலமாரி வேண்டும் என்பவர்கள் ஆழத்தைப் பாருங்கள். 15 சென்டிமீட்டர் ஆழமுள்ளதைக் குறுகிய பேசினுக்கு மேலே மாட்டினால் முகம் கழுவக் குனியும்போது நெற்றியில் இடிக்கும். பல் துலக்கும் சாமானுக்கு 10, 12 சென்டிமீட்டர் தாராளம்.

ஓரங்களில் கறுப்புத் திட்டு படர்ந்த பழைய கண்ணாடியைத் தேய்த்துப் பயனில்லை. ஈரம் பின்பக்கத்து வெள்ளிப் பூச்சைத் தின்றுவிட்டது. நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். புதுக் கண்ணாடி வாங்கும்போது செம்பு சேர்க்காத பூச்சுள்ளதாகக் கேட்டு வாங்கி, பின்னால் காற்றுப் போக மெல்லிய இடைவெளி விட்டு மாட்டினால் நீண்டநாள் வரும்.

அறிகுறி: வெளிச்சம் இருக்கிறது, சுத்தமும் இருக்கிறது, ஆனாலும் சுவர் நெருக்குகிறது

டைல் கோடுகளைப் பாருங்கள். சின்ன டைல்கள், அவற்றுக்கு இடையே கறுத்துப்போன சாந்து, இடுப்பளவில் பூப்போட்ட பட்டை ஒன்று. சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தால் கண் ஒவ்வொரு கட்டத்தையும் எண்ணும். கட்டம் மறைந்தால் சுவர் விரியும்.

மலிவான மருந்து, இடுக்குச் சாந்தைச் சுத்தம் செய்து டைல் நிறத்துக்கே கொண்டுவருவது. பூஞ்சைக் கறுப்புக்கு நீர்த்த பிளீச். அதைக் கழிவறை கழுவும் அமிலத்தோடு எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்கவேண்டாம். குளோரின் வாயு கிளம்பும், மூடிய சின்ன அறையில் அது ஆபத்து. சன்னல், கதவு, எக்ஸாஸ்ட் விசிறி எல்லாம் திறந்திருக்கட்டும். மஞ்சள் தேய்த்துக் குளிக்கும் வீடுகளில் சாந்தில் ஒரு மஞ்சள் சாயம் நிற்கும். வெயில் படும் இடத்தில் அது தானாகவே வெளுக்கும். படாத இடத்தில் பிளீச் கைகொடுக்கும். சுத்தம் செய்து, நன்றாகக் காய்ந்த பிறகு, டைல் நிறத்திலேயே சாந்துக்குப் பூசும் பேனா கிடைக்கிறது, அதை ஓட்டலாம். அசல் அழகு வேண்டுமென்றால் பழைய சாந்தைச் சுரண்டிவிட்டு எபாக்ஸி சாந்து போடச் சொல்லலாம். கூலி கூடும், ஆனால் தண்ணீரையும் கறையையும் அது உறிஞ்சுவதில்லை.

டைல் மேல் பெயின்ட்? காய்ந்த சுவரில் ஓரளவுக்குத் தாக்குப்பிடிக்கும். ஷவர் பக்கம் உரியும். டைல் ஸ்டிக்கர் அதைவிட மோசம். ஓரம் தூக்கி, அடியில் ஈரம் தங்கி, பூஞ்சை மறைவாக வளரும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வேறு வழியில்லாமல் போடுவதென்றால் பூப்பட்டையை மறைக்க மட்டும், தண்ணீர் படாத சுவரில் மட்டும் போடுங்கள்.

டைலையே மாற்றிவிடலாம் என்று தோன்றினால் இரண்டு விஷயங்கள். வீடு புதிய பிடிஓ (வீவக தேவைக்கேற்பக் கட்டித் தரும் புது வீடு) என்றால், புளோக் கட்டி முடித்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குக் குளியலறையின் சுவர், தரை டைல்களை உடைத்தெடுக்க வீவக அனுமதிப்பதில்லை. அடியில் போட்டிருக்கும் நீர்த்தடுப்புப் படலத்தைக் காப்பாற்றத்தான் அந்த விதி. பழைய வீடு என்றால், உங்கள் புளோக்குக்கு, பழைய வீவக வீடுகளை மானியத்தோடு புதுப்பிக்கும் இல்ல மேம்பாட்டுத் திட்டம் வரப்போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1997 வரை கட்டிய புளோக்குகளுக்கு அது பொருந்தும். கழிவறை மேம்பாடு அதில் விருப்பத் தேர்வு. சிங்கப்பூரர்கள் வீட்டு வகையைப் பொறுத்துச் செலவில் 5 முதல் 12.5 விழுக்காடுதான் கட்டவேண்டும். அது வரவிருக்கும்போது சொந்தக் காசில் டைல் போடுவது வீண். டைல் நிறம் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது சுவருக்கும் தரைக்கும் நெருக்கமான வெளிர் நிறங்களைக் கேளுங்கள்.

தரையில் மட்டும் பெரிய டைல் வேண்டாம் என்பேன். தண்ணீர் வடிகாலை நோக்கி ஓடத் தரை சரிவாக இருக்கவேண்டும். பெரிய டைலில் அந்தச் சரிவைக் கொண்டுவரக் குறுக்கே வெட்டவேண்டியிருக்கும், இல்லையென்றால் தண்ணீர் தேங்கும். சின்ன டைலில் இடுக்குகள் அதிகம், காலுக்குப் பிடிமானமும் அதிகம்.

அறிகுறி: கூரை தலைமேல் இறங்குகிறது

மேல்வீட்டுக் கழிவுநீர்க் குழாய் உங்கள் குளியலறைக் கூரைக்கு அடியில் ஓடுகிறது என்றால் கண் அதில் சிக்குவது இயல்பு. கூரைக்கும் குழாய்க்கும் ஒரே வெள்ளையைப் பூஞ்சைத் தடுப்புப் பெயின்டாகப் பூசுங்கள். வெள்ளைக் கூரையில் சாம்பல் குழாய் தெரிவதுபோல் வெள்ளைக் குழாய் தெரியாது. பெட்டி கட்டி மூடுவது இரண்டாவது யோசனைதான். மூடினால் கூரை இன்னும் தாழும், கசிவு வந்தால் பார்க்க ஒரு திறப்பும் விடவேண்டும். கூரையில் ஏற்கெனவே ஈரத்திட்டு இருந்தால் பெயின்டை நிறுத்திவிட்டு மேல்வீட்டாரிடம் பேசுங்கள். சரிசெய்யும் பொறுப்பு இரு வீட்டாருக்கும் உண்டு. முடியாவிட்டால் வீவக கிளை அலுவலகம் இருக்கிறது.

பருத்த தண்ணீர்த்தொட்டி ஹீட்டர் கண்மட்டத்தில் தொங்கினால், மாற்றும் காலம் வரும்போது சிறிய உடனடி ஹீட்டருக்குப் போகலாம். அதுவரை அதை ஒரு பொருளாலும் மறைக்கவேண்டாம். மறைத்தால் இன்னும் பருமனாகத் தெரியும்.

அறிகுறி: ஷவர் திரை அறையை வெட்டுகிறது

திரையை இழுத்து மூடியபோது அறை பாதியாகிறது, திறந்தபோது சரியாகிறது என்றால் காரணம் வெளிப்படை. அடர்நிறத் திரைக்குப் பதில் பாதி ஒளி ஊடுருவும் வெள்ளைத் திரை, கம்பியைக் கூரைக்கு அருகே உயர்த்தி மாட்டுங்கள். நீளமான திரை வாங்கித் தரைக்கு ஓர் அங்குலம் மேலே முடியும்படி விட்டால் உயரம் கூடித் தெரியும்.

கண்ணாடித் தடுப்பு போடுவதென்றால் தெளிந்த கண்ணாடிதான். ஆனால் சோப்புக் கறை படிந்த தெளிந்த கண்ணாடி, திரையைவிட மோசமாக மறிக்கும். குளித்ததும் ரப்பர் வழிப்பானால் ஓர் இழுப்பு இழுக்கும் பழக்கம் வீட்டில் எல்லாருக்கும் வருமா என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

அறிகுறி: நுழையும்போதே இடைஞ்சல்

உள்பக்கம் திறக்கும் கதவு அறையில் கணிசமான இடத்தைத் தின்னும். கதவுக்குப் பின்னால் துணி மாட்டிவைத்தால் இன்னும் அதிகம். இரண்டாக மடியும் கதவு மலிவு. சறுக்கியபடியே சுழன்று திறக்கும் ஸ்லைட் அண்ட் ஸ்விங் கதவு விலை கூடுதல், ஆனால் அழகாகத் திறக்கும், நீண்டநாள் உழைக்கும்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் உள்ளே நிற்கப் பிடிக்கவில்லை

மூக்கைக் கேளுங்கள். அடைந்த வாடை அடிக்கும் அறை எவ்வளவு வெளிச்சமாக இருந்தாலும் சின்னதாகத்தான் தோன்றும். அதிகம் புழங்காத குளியலறையில் தரை வடிகாலில் நிற்கவேண்டிய தண்ணீர் வற்றிவிடும், சாக்கடைக் காற்று மேலே வரும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் நின்றுவிடும். ஈர வாடை என்றால் துண்டுகளை வெளியே காயப்போட்டு, குளித்த பிறகும் எக்ஸாஸ்ட் விசிறியைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள்.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில்

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒருசேரச் செய்தால் சுவர், தரை, இருக்கை, கைப்பிடி எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். பார்வை மங்கிய பாட்டிக்கோ தாத்தாவுக்கோ எது எங்கே முடிகிறது என்று தெரியாது. அவர்கள் கைவைக்கும், உட்காரும் பொருள்கள் மட்டும் அடர்நிறத்தில் இருக்கட்டும்: கைப்பிடி, முக்காலி, கழிவறை இருக்கையின் மூடி. அறை சற்றுச் சின்னதாகத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். துண்டுக்கம்பியைக் கைப்பிடியாகப் பயன்படுத்தவிடாதீர்கள், உடல் பாரத்தை அது தாங்காது. வீவக வீட்டில் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் இருந்தால், முதியோர் வீட்டைப் பாதுகாப்பாக்கும் ஈஸ் திட்டத்தில் கைப்பிடிகளும் வழுக்காமலிருக்கத் தரை டைலுக்குப் பூச்சும் மானிய விலையில் கிடைக்கும். 60 முதல் 64 வயதுவரை உள்ளவர்களுக்கும், அன்றாட வேலைக்கு உதவி தேவைப்பட்டால், உண்டு. வீவக இணையத்தளத்திலோ கிளை அலுவலகத்திலோ விண்ணப்பிக்கலாம். கைப்பிடி எந்த உயரத்தில் வேண்டும் என்பதை, பொருத்த வருபவர் துளை போடும் முன் பாட்டியையே உட்கார்ந்து எழுந்து காட்டச் சொல்லி முடிவுசெய்யுங்கள்.